மேல்காற்று

பூவராகனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்து நான்கு. இதில் யாருக்கும் சங்கடம் இல்லை, பூவராகனின் நாக்பூர் உறவுக்காரர்களைத் தவிர.

குருவின் பெயர் செண்பகவடிவு. தென்காசிக்குக் கிழக்கே, மலையைப் பார்த்த மாதிரி ஒரு பழைய ஓடுபாதை கிடந்தது. அங்கே இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்பது வருடமாக அவர் பறக்கக் கற்றுக்கொடுத்தார். மெக்கானிக் மாசானம் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

பூவராகன் நாக்பூரில் பிறந்து, அங்கேயே ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடம் கணிதம் நடத்தியவர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நாக்பூரே சிரித்தது. வடிவு சிரிக்கவில்லை.

"எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

"சின்ன வயசுலேருந்து ஆசை."

"அது போதும்."

உரிமம் வாங்க ஒரே ஒரு பயணம் பாக்கி இருந்தது. தனியாக மலையைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் இறங்கித் திரும்பி வர வேண்டும். பத்தொன்பது நாட்களுக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், பூவராகன் கிளம்பினார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மலைக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது. கணவாயை நோக்கி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவரை யாரோ தலையில் கை வைத்து அமுக்கிய மாதிரி இருந்தது.

விமானம் விழுந்தது. மூக்கை மேலே தூக்கினார், விழுந்தது. எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினார், அப்போதும் விழுந்தது. இரண்டாயிரம் அடி. கீழே ஒரு தென்னந்தோப்பு ஏறி வந்தது. இளநீரை எண்ணிவிடலாம் போல இருந்தது. பிறகு, எதற்கு என்றே தெரியாமல், அதே கை அவரைப் பிடித்து மேலே எறிந்தது. எப்படித் திரும்பினார், எப்படி இறங்கினார் என்பது அவருக்கு நினைவில்லை. கதவைத் திறந்தது மாசானம். அவர்தான் கைகொடுத்து இறக்கினார்.

அன்றிலிருந்து பூவராகன் விமானத்தைத் துடைத்தார், கழுவினார், இறக்கைக்கு மெழுகு பூசினார். உள்ளே மட்டும் உட்காரவில்லை.

"மாப்பிள்ளைக்குக் கல்யாணம் வேண்டாமாம், குதிரைய மட்டும் குளிப்பாட்டுதாரு" என்றார் மாசானம்.

மாத முடிவுக்குள் அந்தப் பயணத்தை முடிக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில் முதலிலிருந்து தொடங்குவது என்பதற்கு விட்டுவிடுவது என்றுதான் பொருள். அது பூவராகனுக்கும் தெரியும்.

ஆடி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மதியம் மூன்றரை மணிக்கு அவர் பையும் கையுமாக வந்து நின்றார்.

"எங்க சார் கெளம்பிட்டீங்க?" என்றார் வடிவு.

"ஆறேகால் ரயில் டீச்சர். ஊருக்கு."

"இங்கிலீஷ் மாசம் முடிய இன்னும் ஆறு நாள் கெடக்கே."

"ஆறு நாள்ல மலை நகர்ந்துடாது."

சொல்லிவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். பயிற்சியிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம். குரு கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது. வடிவு அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கேக்கணும்னு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பதில் தெரியாம ரயில் ஏறினா, நாக்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் தூங்க மாட்டேன்."

"கேளுங்க."

"அன்னிக்கு வானத்துல ஒண்ணுமே இல்ல. மேகம் இல்ல, மழை இல்ல. மலைகூட பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. என்னை அடிச்சது எது?"

வடிவு "வாங்க" என்று நடந்தார்.

ஓடுபாதைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். மலையில் சாரல் பிடித்திருந்ததால் இரு கரையும் தொட்டு ஓடியது. துணி துவைக்க யாரோ போட்டிருந்த கல் ஒன்று தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

"என்ன தெரியுது?"

"தண்ணி ஓடுது. அலை அடிக்குது."

"அலை ஓடுதா?"

பூவராகன் குனிந்து பார்த்தார். கல் இருந்த இடத்தில் தண்ணீர் வழவழப்பாக ஏறி, தாண்டியதும் சரிந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் மறுபடி எழும்பியது. மறுபடி சரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மேடு. தண்ணீர் என்னவோ தலைதெறிக்க ஓடியது. மேடுகள் மூன்றும் வைத்த இடத்தில் இருந்தன.

"இல்ல. நிக்குது" என்றார்.

வடிவு கரையில் நின்ற புங்கமரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து, கல்லுக்கு முன்னால் விட்டார். இலை பதவிசாக ஏறியது. கல்லைத் தாண்டியதும் தலைகுப்புற இறங்கியது. அடுத்த மேட்டுக்கு அடியில் இருந்த சுழி அதைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றி, முக்கி, வெளியே துப்பியது.

"எலைய அடிச்சது எது?"

"கல்லு."

"எலை கல்லத் தொட்டுச்சா?"

பூவராகன் இலை போன திசையைப் பார்த்தார். பிறகு, "இதுக்கு ஒரு சமன்பாடு இருக்கு டீச்சர். நானே போர்டுல எழுதியிருக்கேன்" என்றார்.

"எழுதுனது எந்தக் கை?"

"இந்தக் கைதான்."

"அன்னைக்கு வண்டியப் புடிச்சிருந்தது?"

"அதுவும் இதேதான்."

"பெறகு ஏன் ஒண்ணுக்கு ஒண்ணு சொல்லிக்கிடலை?"

பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஆனாலும் விடவில்லை.

"தண்ணி கண்ணுக்குத் தெரியுது. காத்து தெரியலையே டீச்சர்."

வடிவு அவர் தோளைத் தொட்டு மேற்கே திருப்பினார்.

மலையின் உச்சி முழுவதும் மேகம் ஏறி நின்றது. கேரளத்துப் பக்கமிருந்து வந்த மேகம், வந்துகொண்டே இருந்த மேகம். அடுப்பில் பால் பொங்கி வழிவதுபோல, வடக்கிலிருந்து தெற்குவரை கண்ணுக்கு எட்டிய மலைநீளத்துக்கும் அது விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வழிந்தது. பாதி மலைவரை இறங்கியது. அங்கே காணாமல் போனது. மேலிருந்து வந்து கொட்டக் கொட்ட, கீழே ஒரு சொட்டும் சேரவில்லை. பூவராகன் இந்த மலையை ஏழு மாதமாகத் தினமும் பார்த்தவர்தான். இதைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"மேகம் எங்க போவுது சார்?"

"கரையுது. கீழே இறங்க இறங்கச் சூடாகும். சூடானா ஈரம் கண்ணுக்குத் தெரியாது."

"மேகம் கரைஞ்சிருச்சு. அதைச் சொமந்துக்கிட்டு வந்த காத்து?"

பூவராகன் வெள்ளை முடிந்த இடத்துக்குக் கீழே இருந்த வெறும் நீலத்தைப் பார்த்தார். அங்கேயும் அது கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதே வேகத்தில், அதே அகலத்தில், சத்தமில்லாமல். கொட்டிய வேகத்தில் எழும்பி, மறுபடி சரிந்து, வயல்களுக்கு மேலே அலை அலையாக வந்துகொண்டிருந்தது. அலைக்கு அடியில் சுழி. அதற்குள்தான் அன்று அவர் போயிருக்கிறார்.

"அன்னிக்கு மேகமே இல்லையே?"

"அன்னைக்கு ஈரம் கம்மி. மேகம்தான் வரலை. மத்தது எல்லாம் வந்துச்சு."

பதில் கிடைத்துவிட்டது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று பூவராகன் நம்பியிருந்தார். போகவில்லை. இத்தனை நாள் உருவமில்லாமல் இருந்த பயத்துக்கு இப்போது மலையளவு உடம்பும் கிடைத்துவிட்டது.

"ரொம்ப நன்றி டீச்சர். அந்தக் கையெழுத்து மட்டும்" என்றார்.

வடிவு கடிதத்தைப் பிரித்தார். கல்லூரி விண்ணப்பம் மாதிரி, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தார் பூவராகன். வடிவு இரண்டாவது வரியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"'மேல்காற்று பலமாக இருப்பதாகத் தாங்கள் ரேடியோவில் எச்சரித்தீர்கள். அதில் அகப்படாமலிருக்க மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே ஏறாமல் தாழ்வாகவே பறந்தேன். அப்படியிருந்தும்...' இது என்ன சார்?"

"நடந்தது."

"நான் ஆறாயிரத்துல போகச் சொல்லியிருந்தேன்லா?"

"ஆமா. ஆனா கிளம்பின பிறகு ரேடியோல சொன்னீங்களே. மேல்காத்து எடுத்திருக்கு, உசரம் பாத்துக்கிடுங்கன்னு. அதான் உயரம் போகாமப் பாத்துக்கிட்டேன்."

"சார், மேல்காத்துன்னா என்ன?"

"மேலே அடிக்கிற காத்து. உயரத்துல."

வடிவு அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார்.

"மேக்க இருந்து வார காத்து சார்" என்றார். "அதைத்தான் நாங்க மேல்காத்துன்னு சொல்லுவோம். மேக்காத்து எடுத்திருச்சு, மலைக்குப் பின்னால விழும், அதனால நல்லா உசரத்துல போங்கன்னுதான் அதுக்கு அர்த்தம்."

பூவராகனும் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் கடிதம் காற்றில் படபடத்தது.

"ஒம்பது வருசமா இந்தச் சொல்லச் சொல்லுதேன்" என்றார் வடிவு. "இங்க படிச்சவங்க பூரா இந்தப் பக்கத்து ஆளுங்க. நீங்க வெளியூர்னு எனக்குத் தெரியும். உங்க காதுல அது என்னவா விழுதுன்னு ஒருநாளும் கேக்கலை. ஒரு சொல்லு சார். ஒரே ஒரு சொல்லு. உங்களக் கொண்டுபோயி அந்தத் தோப்புல போட்டிருக்கும்."

அவர் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். பூவராகன் பதறிப்போனார். இத்தனை நாளும், தான் கோழை, தனக்குக் கை வராது, வயசான காலத்தில் வேண்டாத ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர் அவர். குற்றத்தில் பங்குக்கு ஓர் ஆள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்த ஆள் குருவாக இருந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"ஐயோ, கையை எடுங்க டீச்சர். நான் கேட்டிருக்கணும். ரேடியோ கையிலதானே இருந்தது? மேல்காத்துன்னா என்னன்னு ஒரு வார்த்தை. புரோபசர் கேட்டா கேவலம்னு நினைச்சுட்டேன்."

"நான்லா கேட்டிருக்கணும்."

"இல்ல, நான்தான்."

வாய்க்கால் ஓடியது. மூன்று மேடும் நின்ற இடத்தில் நின்றன.

"மேற்குக்கு ஏன் டீச்சர் மேல்னு பேரு?" என்றார் பூவராகன் மெல்ல.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "மேக்க போனா ஏறணும். கெழக்க போனா எறங்கணும். மலை அங்கனல்லா இருக்கு."

மேல், மேற்கு. கீழ், கிழக்கு. பூவராகன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து புழங்கிய சொற்கள். நாக்பூரில் மேற்கே எதுவும் உயர்ந்து நிற்கவில்லை; அங்கே அவை வரைபடத்தின் ஓரத்தில் எழுதுகிற பெயர்கள். சொல்லுக்குள் ஒரு சரிவு இருப்பது இப்போதுதான் அவருக்குக் கேட்டது. மேலிருந்து கீழுக்கு வருகிற காற்று. விமானத்தைக் கனவில்கூடக் கண்டிராத எவனோ ஒருவன், நாற்று நட்டுக்கொண்டோ மாடு மேய்த்துக்கொண்டோ, அது விழுகிற காற்று என்பதைப் பெயரிலேயே சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அவர் நேராக அதன் அடியில் போய் நின்றிருக்கிறார்.

வடிவு எழுந்தார்.

"ரயிலுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. ஒரு தடவை என்கூட வாங்க. பொறவு கையெழுத்துப் போடுதேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் பூவராகன் நினைத்தார். வேண்டாம் என்றால் டீச்சர் மேல் கோபம் என்று ஆகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காக நடந்தார். மாசானம் கதவைத் திறந்துவிட்டார். இருக்கை வாரையும் அவரே கட்டி இறுக்கிவிட்டார்.

முதலில் கிழக்கே போனார்கள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுதூரம் ஏறினார்கள். ஐயாயிரம், ஏழாயிரம், எட்டாயிரம். அதற்குப் பிறகுதான் வடிவு மலையைப் பார்க்கத் திருப்பினார்.

உடனே உதறல் தொடங்கியது. விமானம் மேட்டில் ஏறிய மாட்டுவண்டி போலக் கடகடத்தது. பூவராகன் இரண்டு முழங்காலையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சுழியோட மேல்விளிம்பு இது" என்றார் வடிவு. "அன்னைக்கு நீங்க இதோட வயித்துக்குள்ள இருந்தீங்க."

பூவராகன் எட்டி, கீழே அந்தத் தென்னந்தோப்பைத் தேடினார்.

ஒன்பதாயிரத்தில் உதறல் நின்றது. மெல்ல மெல்லக் குறையவில்லை, சட்டென்று நின்றது. கடகடப்பு இல்லை, ஆட்டம் இல்லை. தரையில் நிறுத்திவைத்த விமானம்கூட இவ்வளவு அசையாமல் நின்று அவர் பார்த்ததில்லை. வடிவு கையை நீட்டி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் அது சும்மா முனகிக்கொண்டு மட்டும் இருந்தது.

பூவராகன் உயரமானியைப் பார்த்தார். முள் ஏறியது.

ஒன்பதாயிரத்து இருநூறு. ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பத்தாயிரம்.

"எஞ்சின் வேலை செய்யலையே டீச்சர். யாரு தூக்கறது?"

"அன்னைக்கு உங்களக் கீழ போட்டவருதான்."

"அப்ப ஏன் இன்னிக்கு..."

"அவரு அன்னைக்கும் இதேதான் செஞ்சுக்கிட்டு இருந்தாரு. எந்திரிப்பாரு, உக்காருவாரு. நீங்க வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது."

கீழே மலை முழுவதும் வெள்ளையாகப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வெயில் சாய்ந்து அதன் மேல் பட்டது. இந்தப் பக்கம், அவர்களுக்குச் சற்று மேலே, மலைக்கு இணையாக நீள நீளமாக ஒரு வரிசை மேகம். இட்லித் தட்டில் வார்த்த மாதிரி வழவழப்பாக, அசையாமல் நின்றது. இந்தக் காற்றில் அது எப்படி நிற்கிறது என்று பூவராகன் உற்றுப் பார்த்தார். நிற்கவில்லை. மேற்கு ஓரத்தில் ஒன்றுமில்லாததிலிருந்து புகையாகப் பிறந்து, கிழக்கு ஓரத்தில் ஒன்றுமில்லாமல் கரைந்தது. நின்றது வடிவம் மட்டும்தான். அதற்கும் கிழக்கே வயல்களுக்கு மேலே இன்னொரு வரிசை. அதற்கும் கிழக்கே, கோவில்பட்டிப் பக்கமாக, மங்கலாக இன்னும் ஒன்று. வாய்க்காலில் கல்லுக்குப் பின்னால் நின்ற மூன்று மேடுகள் அவருக்கு நினைவுக்கு வந்தன. உடம்பு நடுங்கியது. இந்த நடுக்கம் பயத்தால் வந்ததில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"மலை எங்கே முடியுது?"

வடிவு கிழக்கே பார்த்தார்.

"தெரியலை சார். ஒருநாள் எண்ணிப் பாத்தேன். அஞ்சாவது வரிசைக்கு அங்கிட்டு எனக்குக் கண்ணு எட்டலை."

வெகு கீழே ரயில் நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்றிருந்தது. அதில் தனக்கு ஓர் இருக்கை இருப்பது பூவராகனுக்கு நினைவுக்கு வந்தது. வேறு யாருக்கோ நடக்கிற காரியம் மாதிரி இருந்தது. வடிவின் பக்கம் திரும்பினார். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பூவராகன் தன் கைகளைப் பார்த்தார். அவை முழங்காலில் இல்லை. கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்திருந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"நான் அப்பவே விட்டுட்டேன்" என்றார் வடிவு.

பூவராகன் பிடியை விடவில்லை.

"இனி எப்படிப் போகணும் டீச்சர்?"

"மேல போங்க."

பூவராகன் இந்தத் தடவை கேட்டார்.

"மேலேன்னா, மேற்கேயா? உயரத்துக்கா?"

"கேட்டுட்டீங்கல்லா, அது போதும் சார்" என்றார் வடிவு. "இந்த உசரத்துல ரெண்டும் ஒண்ணுதான்."